கெட்டிமேள நேரத்தில் எங்கே நிற்பது

…ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை சாயங்காலம் வரவேற்பு, பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே இது, வருஷக்கணக்காகக் கல்யாண வீட்டில் காமிராவும் கையுமாக நிற்கிறவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று சங்கவி தன்னையே கேட்டுக்கொண்டாள், பேருந்து செங்கல்பட்டு நிலையத்தை விட்டு வெளியே வந்து திரும்பிக்கொண்டிருந்தது, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷம் டிக்கெட் வாங்குவதற்குள் போய்விட்டது. எல்லாம் தேவாவின் போனால். தேவா அவள் புருஷன், மாமல்லபுரத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்திருக்கிறான், போட்டோ இவள், வீடியோ அவன். "ஏ சங்கவி, காலண்டரதான் பாத்துகினு கீறேன். சனிக்கெழம சாயந்தரம் பன்னீர்செல்வம் வூட்டு பார்ட்டி, பீச்சாண்ட. ஞாயித்துக்கெழம காலைல லோகநாயகி அம்மா பொண்ணு கல்யாணம், செங்கல்பட்டுல. அப்போ அவங்க ரிசப்ஷன் என்னிக்கு? அதே சனிக்கெழம சாயந்தரந்தான? இன்னா பண்ணி வச்சிக்கீற நீ?" இன்னா பண்ணி வைத்திருக்கிறாள்? சரி, நான் பாத்துக்கறேன், வை என்று மட்டும் சொன்னாள், என்னத்தைப் பார்ப்பது…

இத்தனைக்கும் ஊரில் அவளைப்போல் விவரம் குறித்து வைக்கிற போட்டோக்காரர் கிடையாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். தேதியும் மண்டபமும் எல்லாரும் குறிப்பார்கள், சங்கவி குறிப்பது வேறு… எந்தச் சித்தப்பா எந்த மாமாவோடு பேசமாட்டார், யாரை முதல் வரிசையில் நிறுத்தாவிட்டால் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார், பெண்ணுக்கு இடது கன்னம் பிடிக்காது, எல்லாம் போனில் குடும்பவாரியாக இருக்கிறது. பன்னீர்செல்வத்துக்கு மட்டும் தனியாக ஒரு முழ நீளப் பட்டியல். அவர் மகள் வைஷாலி நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை, மாப்பிள்ளை ரோஹித்தும் அங்கேதான், சனிக்கிழமை காலையில் தாலி, சாயங்காலம் கடற்கரையோரம் பார்ட்டி. மனுஷர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது கூப்பிட்டு, "இன்னாம்மா, அலை வர்ற நேரம் பாத்து எடுப்பியா?" என்கிறார், அலை என்ன இவருடைய ஆபீஸ் பியூனா, கூப்பிட்ட நேரத்துக்கு வர… லோகநாயகி அம்மா அப்படி இல்லை. திருநெல்வேலிப் பக்கம், கல்பாக்கம் குடியிருப்பில் பல வருஷம், புருஷன் தவறினபிறகு அங்கேயே ஆபீஸ் வேலை. வந்து உட்கார்ந்தபோது ஸ்டூடியோவுக்குக் கீழே சிற்பக்கூடத்தில் உளிச்சத்தம், வரவேற்பு உண்டாம்மா என்று இவள் கத்திக் கேட்டாள், உண்டும்மா என்று அவர் கத்தினார், வரவேற்பு உண்டு என்று குறித்துக்கொண்டாள். என்றைக்கு என்று கேட்கவில்லை, இந்தப் பக்கத்தில் யாராவது அதைக் கேட்பார்களா? இன்று காலைகூட அந்த மண்டபத்துக்குத்தான் விளக்கு வெளிச்சம் பார்க்கப் போனாள், மேலாளரிடம் மேடை அகலம் கேட்டாள், ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டாள், கேட்க வேண்டியதைத் தவிர எல்லாம் கேட்டாள்.

ஆளுக்கொரு இடமாகப் பிரிந்து போகலாமா, இவள் கடற்கரைக்கு, தேவா செங்கல்பட்டுக்கு… ஒரு வீட்டில் வீடியோ இருக்காது, ஒரு வீட்டில் போட்டோ இருக்காது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். வேறு ஆள் வைக்கலாமென்றால் அந்த முகூர்த்தத்துக்குக் காமிரா பிடிக்கத் தெரிந்தவன் எவனும் சும்மா இல்லை. ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும். எதை? பன்னீர்செல்வத்தை விட்டால் அவர் ஈசிஆர் முழுக்க ரிசார்ட் ரிசார்ட்டாகச் சொல்லி இவள் மானத்தை வாங்கிவிடுவார், லோகநாயகி அம்மா யாரிடம் சொல்வார், சொன்னாலும் மெதுவாகச் சொல்வார்… அப்போ அவங்கதான். முடிவு அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது, பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குக்கூடப் போகவில்லை. என்ன சொல்வது, கண்வலி என்று சொல்லலாமா, கண்வலி வந்த போட்டோக்காரியை யார் கூப்பிடுவார்கள், நல்ல பொய்தான்… அடுத்த மாசம் வரப்போகிற கண்வலியை இந்த மாசமே எவள் சொல்வாள்? தனியாகச் சிரிப்பு வந்தது, பக்கத்து சீட்டு அம்மாள் முருங்கைக்கீரைக் கட்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தது, மலை தெரிந்தாலே சங்கவிக்கு அவளுடைய கல்யாணம் ஞாபகம் வந்துவிடும், அடிவாரத்து மண்டபத்தில்தான் நடந்தது. அப்பா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்திருந்தார், அம்மா பூவாயி சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலத்தில் நின்று சம்பாதித்து நடத்திய கல்யாணம், ஆனால் ஆல்பத்தில் பூவாயி இல்லை. நன்றாகத் தேடினால் ஒரு படத்தின் ஓரத்தில் நீலப் புடவை முந்தானை மட்டும். எங்கேம்மா போய்த் தொலைஞ்ச என்று கேட்டால், "நான் இன்னாத்துக்குடி நடுவுல வந்து நிக்கணும், நல்ல காரியத்துல" என்று சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போய்விடுவாள். படம் எடுத்த லட்சுமணன்மேல் சங்கவிக்கு ரொம்ப நாள் கோபம், ஒரே ஒரு படம் எடுத்திருக்கலாமே அந்த ஆள்… அந்தக் கோபத்தில்தான் லோகநாயகி அம்மா, நான் மேடைக்கு வரமாட்டேன்மா, சங்கடம் வேண்டாம் என்று சொன்னபோது, "நீங்க எங்க நின்னாலும் நான் வந்து எடுப்பேன்மா, நானே வருவேன்" என்று இவள் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த வாக்கை இப்போது கண்வலிக்கு விற்கப்போகிறாள். சே, என்ன பிழைப்பு இது.

பொய் சொல்வதானால் சட்டென்று சொல்லிவிட வேண்டும், ஊறப்போட்டால் நாற்றமெடுக்கும் என்று எண்ணை அழுத்திவிட்டாள். அந்தப் பக்கம் எடுத்ததுமே, "சங்கவிம்மா, மண்டபம் பாத்துட்டியளா? வெளிச்சம் போதுமா?" என்ற குரல், அதைக் கேட்டதும் தயார் செய்த பொய்க்குப் பதிலாக, "வரவேற்பு சனிக்கிழம எத்தன மணிக்கும்மா?" என்று வாயில் வந்துவிட்டது. லோகநாயகி அம்மா சிரித்தார். "அடப் போங்கம்மா, தாலி கெட்டுததுக்கு முந்தி ரெண்டு பேரையும் சோடியா மேடையில நிப்பாட்டுவாவளா? எங்க ஊர்ல அப்படிக் கெடையாது. கல்யாணம் முடிஞ்சு ஞாயித்துக்கெழம சாயங்காலந்தான் வரவேற்பு. சனிக்கெழம எங்க ஆளுவ பூராம் ரயில்லல்லா கெடப்பாவ, விடிஞ்சுதான் செங்கல்பட்டுல எறங்குவாவ. அதுக்குத்தான அங்கன மண்டபம் பிடிச்சது."

உயிர் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, நெல்லைக்காரர்களே நீங்கள் நன்றாயிருங்கள், உங்கள் வழக்கம் நன்றாயிருக்கட்டும், உங்கள் ரயில் நேரத்துக்கு வரட்டும்… ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காலண்டரில் வெள்ளையாகக் கிடந்தது, நினைக்க நினைக்கச் சந்தோஷமாக இருந்தது, ஜன்னல் காற்று இப்போதுதான் முகத்தில் பட்டது, கீரைக்கட்டு அம்மாளைப் பார்த்து இவளே சிரித்தாள், அவளும் போனால் போகிறதென்று சிரித்தாள். இரண்டு கல்யாணமும் கையில் இருக்கிறது, பொய் வாய்க்குள்ளேயே செத்துவிட்டது, யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். போனில் லோகநாயகி அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். "மேடையில எங்க அண்ணனும் மதினியும் கீர்த்தனாவ தாரை வாத்துக் குடுப்பாவ. நான் பந்திப் பக்கம் கதவுகிட்ட நிப்பேன், கெட்டிமேளம் அங்கன வரைக்கும் கேக்கும்லா, அது போதும். நீங்க சொன்னபடி வந்துருங்க, வேற ஆள அனுப்பிராதிய." வந்துடறேன்மா, நானே வந்துடறேன் என்றாள், இந்தத் தடவை அது சத்தியம்.

கெட்டிமேளம், பந்திக் கதவு… காலையில்தான் பார்த்துவிட்டு வந்தாள், மேடை ஒரு கோடி, பந்திக் கதவு மறு கோடி, நடுவில் மண்டபம் நிறைய நாற்காலி. கெட்டிமேளம் கொட்டும்போது இவள் எங்கே இருப்பாள்? மேடையில், வேறெங்கே, முடிச்சு விழுகிற நேரத்தில் மேடையை விட்டு இறங்கின போட்டோக்காரர் உலகத்தில் உண்டா? அன்றைக்கு லட்சுமணனும் அங்கேதான் நின்றிருப்பார், பாவம், அவரிடமும் இருந்தது ஒரு காமிராதானே, அவர்மேல் இருந்த கோபம் இப்போது சும்மா இறங்கிப் போயிற்று, அதுவும் ஒரு நிம்மதிதான். மறுபடி தேவா கூப்பிட்டான். பேஜாரு தீர்ந்தது, ரெண்டும் நம்மளுதுதான் என்று சொன்னாள், அவன் விட்ட மூச்சு போனில் புஸ்ஸென்று கேட்டது. "அப்புறம் ஏன் கம்முனு கீற?" என்றான். "தேவா, கீர்த்தனா கல்யாணத்துல தாலி கட்டறப்போ போட்டோவையும் நீயே எடுத்துருவியா?" "எடுக்கலாம், வீடியோவ ஸ்டாண்டுல நிறுத்திட்டு… அப்போ நீ எங்க நிப்ப?"

கதவுகிட்ட என்று சொன்னாள், அவன் சரி என்று வைத்துவிட்டான், கேள்வி அவனுக்கு முடிந்துவிட்டது. பேருந்து மாமல்லபுரத்தை நெருங்கிவிட்டது, சாலையோரம் பாதி செதுக்கிய பிள்ளையார்கள். போன் காலண்டரில் கெட்டிமேளம் என்று எழுதி, தேவா மேடை, சங்கவி கதவு என்று போட்டாள். அந்த அம்மா அந்த நேரத்தில் அழுவார், அழுகிறவர் முகத்துக்கு நேரே காமிராவைத் தூக்குவதா, இல்லை காமிராவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் சும்மா நிற்பதா… படம் இல்லை, படம் இல்லை என்று இத்தனை வருஷம் கோபப்பட்டாளே, அந்த நேரத்தில் பூவாயி பக்கத்தில் யாராவது நின்றார்களா என்று அம்மாவை ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று சங்கவிக்கு அப்போதுதான் பட்டது.