இரண்டடி பின்னால்

"ரெண்டு அடிதான்க்கா பின்னாடி போகணும். மூணு போயிட்டீங்கன்னா கேமராவுல விழ மாட்டீங்க" என்றார் சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளர்.

தையல்காரி மெஷினுக்கும் பீரோவுக்கும் நடுவில் இரண்டடி பின்னால் போய்க் காட்டினாள். மூன்றாவது அடிக்கு அந்த வீட்டில் இடமும் இல்லை.

"அப்படித்தான். நெஞ்சுல கை வச்சு, 'ஐயோ, நானா'ன்னு மூணு தடவ சொல்லணும். மூணாவதுல கண்ணு கலங்கினா நல்லது. கட்டாயம் இல்ல."

மறுநாள் காலை பத்து மணிக்கு டயாலிசிஸ் நிலையத்தின் திறப்பு விழா. தொகுதியின் உறுப்பினர் ரிப்பன் வெட்ட வேண்டியவர். ஆனால் வெட்ட மாட்டார். கத்தரிக்கோலைக் கையில் வாங்குவார். கூட்டத்தைக் கண்ணால் துழாவுவார். "நான் யாருங்க? உங்க வேலைக்காரன்" என்று தழுதழுத்து, யாரோ ஒரு சாதாரணப் பெண்ணை அழைத்து அவள் கையில் கொடுத்துவிடுவார். அந்த யாரோ ஒரு சாதாரணப் பெண்ணை உதவியாளர் நான்கு நாள் அலைந்து தேர்ந்தெடுத்திருந்தார். முகத்தில் களைப்பு இருக்க வேண்டும், ஆனால் போட்டோவுக்கு ஆகாத களைப்பாக இருக்கக் கூடாது. நோயாளியின் மனைவி என்றால் இன்னும் விசேஷம்.

"இவ சாதாரணப் பொம்பளைன்னு யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது?" என்றார் கட்டிலில் கிடந்த கணவர். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று தடவை, டயாலிசிஸுக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், பிழிந்து போட்ட துணி மாதிரித் திரும்பி வருவார். எந்தப் பஸ்ஸில் வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டு போனாரோ, அதிலேயே இப்போது படுத்துக்கொண்டு வருகிறார். புதிய நிலையம் நடந்து போகிற தூரம். நான்கு படுக்கை. முதல் நாள் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. பழைய இடத்தில் அவருடைய முறையை வேறொருவருக்குக் கொடுத்தும் ஆகிவிட்டது. அதனால் நேற்றைய முறை இல்லை. கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலையணையை மூன்றாக அடுக்கினால்தான் மூச்சு வந்தது.

இதற்காக இரண்டடி என்ன, இருபதடிகூடப் பின்னால் போகத் தயாராக இருந்தாள் தையல்காரி.

மறுநாள் ஒன்பதரைக்கே அவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே மெஷின்கள் கழுவித் தயாராக இருந்தன. கதவோரம் நின்ற நர்ஸ் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பதினோரு மணிக்குள்ள ஏத்திடணும்மா. நாலு மணி நேரம் ஓடணும். மூணு மணிக்கு டெக்னீஷியன் கெளம்பிடுவாரு. இன்னிக்கு விட்டா திங்கக்கெழமதான்."

"இப்பவே உள்ள விடக் கூடாதாம்மா?"

"ரிப்பன் வெட்டாம ஒரு ஈ உள்ள போகக் கூடாதுன்னு உத்தரவு."

விழா பத்தேகாலுக்குத் தொடங்கியது. மெஷின்களை நன்கொடையாகத் தந்த ஆலை அதிபர் முதலில் பேசினார். தான் ஒரு தூசு என்றார். உறுப்பினர் எழுந்து, தூசு என்று சொல்லக்கூடத் தனக்குத் தகுதியில்லை என்றார். அதிபர் விடவில்லை, மறுபடியும் மைக்கைப் பிடித்து, தன் பெயரைக் கல்வெட்டில் போட்டது தனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்றார். கல்வெட்டில் அந்தப் பெயர் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது. இப்படி இருவரும் மாறி மாறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததில் மணி பத்து நாற்பது ஆனது.

கத்தரிக்கோல் தட்டில் வந்தது. உறுப்பினர் அதை அதிபரிடம் நீட்டினார். அதிபர் திருப்பி நீட்டினார். பிறகு உறுப்பினர் கண்ணால் துழாவி, "அதோ, அந்த அம்மா வரட்டும்" என்றார். அதே மூச்சில் அதிபர், "அதோ, அந்தப் பெரியவர் வரட்டும்" என்று பின்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரரைக் காட்டினார். பணிவு விஷயத்தில் எல்லா உதவியாளர்களும் ஒரே கடையில்தான் சரக்கு எடுக்கிறார்கள் போலிருக்கிறது.

தையல்காரி முன்னால் போய், நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நானா" என்று இரண்டடி பின்னால் வந்தாள். தபால்காரரும் நெஞ்சில் கை வைத்து, "ஐயோ, நானா" என்று இரண்டடி பின்னால் போனார். அவர் ஒத்திகையை இன்னும் நன்றாகச் செய்திருந்தார். முதல் தடவையே கண் கலங்கிவிட்டது.

"நீங்க வெட்டுங்கம்மா."

"நீங்க பெரியவரு, நீங்க வெட்டுங்க."

"பெரியவங்க அவங்க ரெண்டு பேரு இருக்காங்களே."

"சே சே, நாங்க யாருங்க" என்றார்கள் உறுப்பினரும் அதிபரும், ஒரே குரலில்.

தட்டு ஒரு சுற்றுப் போய் வந்தது. கேமராக்காரர் கையைத் தளர்த்திக்கொண்டார். மணி பத்து ஐம்பத்திரண்டு. தையல்காரி திரும்பிப் பார்த்தாள். கணவர் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் அவர் கண்டக்டர் அல்லவா. "என்னம்மா" என்றார் மெதுவாக, "எல்லாரும் எறங்கிட்டாங்க, வண்டிய யாரு எடுக்கிறது?"

அவள் முன்னால் வந்தாள். "குடுங்க" என்றாள்.

உதவியாளர் ஓரத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். இன்னும் இரண்டு "நானா" பாக்கி இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கத்தரிக்கோலை எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். தங்க முலாம் பூசிய மொட்டை. இது வெண்ணெயைக்கூட வெட்டாது.

"ஐயா, நீங்க அந்தப் பக்கம் புடிங்க. நீங்க இந்தப் பக்கம். இழுத்துப் புடிங்க. தளர விட்டீங்கன்னா நழுவும்."

தூசும் தூசிலும் தாழ்ந்ததும் ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள்.

"இன்னும் இழுங்கய்யா. சாப்பிடலையா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உறுப்பினர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவள் முலாம் படாத ஓரத்தை வைத்து, மூன்று வெட்டில் ரிப்பனை அறுத்தாள். கைதட்டல் தொடங்குவதற்குள் சக்கர நாற்காலி கண்ணாடிக் கதவை முட்டிக்கொண்டு நின்றது.

அந்தக் கதவில் ஒரு தொல்லை. ஸ்பிரிங் வைத்தது. பிடிக்க ஆள் இல்லாவிட்டால் தானே மூடிக்கொள்ளும். அவள் தோளால் தள்ளிப் பார்த்தாள். சக்கரம் இடுக்கில் மாட்டியது. பக்கத்தில் ஒரு கை வந்து கதவை அகலமாகத் திறந்து பிடித்தது. அவள் நிமிராமலே "இன்னும் கொஞ்சம்" என்றாள். கை இன்னும் கொஞ்சம் திறந்தது. உள்ளே போய்விட்டாள்.

பத்து ஐம்பத்தொன்பதுக்கு நர்ஸ் ஊசியைச் செருகினாள். கணவர், "ரைட்டு, போலாம்" என்றார். ரத்தம் குழாயில் ஏறி, மெஷினுக்குள் போய், திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் தையல்காரிக்கு வாசலைப் பார்க்கத் தோன்றியது.

கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் உறுப்பினர். கேமராக்காரர் அதிபரோடு சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போய்விட்டார். உதவியாளர், நடந்ததை எப்படி எழுதிக் கொடுப்பது என்று போனில் யாரிடமோ கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று நோயாளிகளும் அதற்குள் ஒவ்வொருவராக உள்ளே வந்திருந்தார்கள். உடன் வந்த ஒருவர் அவசரத்தில், "வாட்ச்மேன், பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். உறுப்பினர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, தோளை ஒடுக்கி வழிவிட்டு, இடது பக்கம் கை காட்டினார்.

இனி அவர் போயிருக்கலாம். முற்றத்தின் கோடியில், கேட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெண்மணி கையில் பையோடு, நாலடிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வந்து சேர எப்படியும் ஐந்து நிமிடம் ஆகும். வெயில் கண்ணாடியில் பட்டு உறுப்பினரின் முகத்தில் அடித்தது. ஸ்பிரிங் கதவை உள்ளே இழுத்தது. அவர் கையை மாற்றிக்கொண்டு, காலைக் கொஞ்சம் அகட்டி வைத்து, அவள் வருகிற பக்கமே பார்த்தபடி நின்றார்.