துறைதோறும் விட்டுவந்தவன்

ஆற்றின் மேல்பக்கத்து மலையிலுள்ள புத்தர் பாதச்சுவட்டைத் தொழப் படகேறிப் போனவர்கள் எல்லோரும் மூன்றாம் மாதத் தேய்பிறைத் தொடக்கத்தில் திரும்பி வந்தார்கள். சேங்கும் வந்தான். மிதவை வீட்டின் ஓரத்தில் கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தவன், உட்கார்ந்தவன்தான். ஊட்டினால் மென்றான். ஊட்டாவிட்டால் கேட்கவில்லை. கண்கள் மட்டும் ஆறு வரும் திசையிலேயே இருந்தன.

சேங் ஓர் இளவரசர் மாளிகையில் எழுத்தர். எழுதத் தெரிந்தவன் யாத்திரை போனால் வழியெல்லாம் பிரிவுக் கவிதை எழுதுவான். அது அந்த ஊர் வழக்கம். படகு ஒரு துறையைத் தொட்டதும், வீட்டில் விட்டுவந்தவளை நினைத்து நாலு வரி, அடுத்த துறையில் இன்னும் நாலு வரி. சேங்கும் கறுப்புக் காகித மடிப்புச் சுவடியில் மஞ்சள் மையால் எழுதிக்கொண்டு வந்திருந்தான். முதல் சில மடிப்புகளை மாளிகைக்காரர் ஒருவர் வாசித்துக் காட்டியதில் அக்கம்பக்கத்து மிதவை வீடுகளில் அதே பேச்சு.

"உனக்கென்னடி குறைச்சல்? துறைக்குத் துறை உன் புருஷன் உன்னை நெனச்சு அழுதிருக்கான். என் ஆளு சந்தைக்குப் போனாலே என் பேரை மறந்துட்டு வருவான்" என்றாள் எதிர் வீட்டுக்காரி.

சேங்கின் மனைவி பிகுனுக்கு அதைக் கேட்க உள்ளுக்குள் இனித்தது. எட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒரு வாரமாகியும் அவன் திரும்பிப் பார்க்காதபோது இனிப்பு கசந்துவிட்டது. குவன் அழைக்கும் பெரியவரைக் கூட்டி வந்தாள்.

குவன் என்பது உயிரோடு ஒட்டிப் பிறப்பது. மனிதருக்கு முப்பத்திரண்டு. பயந்தாலும் ஏங்கினாலும் ஒவ்வொன்றாக நழுவிவிடும். பெரியவர் சேங்கின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், உச்சியில் ஊதிப் பார்த்தார். பிறகு சுவடியைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டோ மூணோதான் ஒட்டிக்கிட்டிருக்கு. மத்ததெல்லாம் போயிருச்சு."

"எங்க போச்சுங்க?"

"அவனே எழுதி வச்சிருக்கானே! இந்தத் துறையில என் உயிர வச்சுட்டுப் போறேன், அந்தத் துறையில வச்சுட்டுப் போறேன்னு. கவி கட்டறவன் எல்லாருந்தான் இப்படி எழுதுவான், மறுநாள் காலையில சோறு கேப்பான். இவன் நெசமாவே வச்சுட்டு வந்துட்டான். அமாவாசைக்குள்ள போய் அள்ளிட்டு வந்துரு. இல்லேன்னா மிச்சமும் அதுங்க பின்னாலயே போயிரும்."

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. சேங்கின் தம்பியை வீட்டுக்குக் காவல் வைத்தாள். கைப்பிடி போட்ட மீன் வலை, சேங் தோளில் போடும் துண்டு, அவித்த முட்டை, அரிசி, வாழைப்பழம், வெற்றிலை, மணிக்கட்டில் கட்ட நூல், அந்தச் சுவடி, இவ்வளவையும் சின்னப் படகில் வைத்தாள். துணைக்குச் சேங்கின் அக்கா நிம் வந்தாள். நிம்முக்கு வாயும் நீளம், துடுப்பும் நீளம்.

பாங் போ துறையில் அரசமரத்தடியில் படகை நிறுத்தினார்கள். பிகுன் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அவளுக்கு எழுத்துச் சொல்லித் தந்ததே சேங்தான்.

'பகல் வந்தது, துறை வந்தது, நீ வரவில்லை. என் உயிரில் ஒன்றை இவ்வேரில் கட்டிப் போகிறேன்.'

துண்டை மடியில் விரித்துக்கொண்டு, வலையால் தண்ணீரின் மேல் மூன்று முறை அள்ளினாள். "வா, சேங்கோட குவனே, வா! மரத்துல தங்காதே, தண்ணியில தங்காதே. வீட்டுல சோறு இருக்கு, பாய் இருக்கு. பிகுன் கூப்பிடறேன், வா!"

வந்ததா இல்லையா என்று அரிசிதான் சொல்லும். நிம் ஒரு சிட்டிகை அரிசி எடுத்து இரண்டிரண்டாகத் தள்ளினாள். ஜோடி சேர்ந்து முடிந்தால் குவன் வந்துவிட்டது. கடைசியில் ஒரு மணி தனியாக நின்றது.

"ஒத்தை."

"மொத துறைதானே! தூக்கக் கலக்கத்துல இருக்கும். உன் புருஷனோடதுதானே, சீக்கிரமா எந்திரிக்குமா?" என்று நிம் துடுப்பை எடுத்தாள்.

அடுத்த துறையிலும் ஒற்றை. பாக் கிரெத் வளைவில் தண்ணீர் சுழன்று ஓடியது. அங்கே சேங் எழுதியிருந்தான்: 'சுழல் படகை ஆட்டுகிறது. பயந்து என் முழங்கையைப் பற்றுவாயே, அந்தப் பிடி எங்கே?'

பிகுன் வாசிப்பை நிறுத்தினாள். அவள் மிதவை வீட்டிலேயே பிறந்தவள். நடக்கும் முன்னே நீந்தியவள்.

"அண்ணி, நான் எப்ப தண்ணிக்குப் பயந்தேன்?"

"கவிதையில வர்ற பொண்ணு பயப்படத்தான் செய்யும். கைல காய்ப்பு காச்சுத் துடுப்புப் போடறவளைப் பத்தி எழுதினா எவன்டி உக்காந்து கேப்பான்?"

பிகுனும் சிரித்துவிட்டாள். ஆனால் நிம்முடைய துடுப்பு ஒரு வீச்சு தவறித் தண்ணீரை வெறுமனே அறைந்ததை அவள் பார்த்தாள். வலையை வீசி அழைத்தாள். அரிசி மறுபடியும் ஒற்றை.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் சாம் கோக் வந்தது. கரையெங்கும் மோன் இனக் குயவர்களின் பானைகள் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தன. பிகுன் அடுத்த மடிப்பைப் பிரித்தாள். 'இடது கையால் வெற்றிலை மடித்துத் தருவாய். வலது கை வெட்கப்பட்டு மடியில் இருக்கும்.'

சுவடியை மூடினாள். தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "யாரு அண்ணி அது?"

"எது?"

"எட்டு வருஷமா வலது கையாலதான் அவருக்கு மடிச்சுக் குடுக்கறேன். யாரு அந்த இடது கைக்காரி?"

நிம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேரு யீசுன். மேட்டு நிலத்துப் பொண்ணு. அவனுக்குத்தான் பேசி வச்சிருந்தோம். கல்யாணத்துக்கு முன்ன ஒரு தடவை பாதம் கும்பிட்டு வந்துரலாம்னு எல்லாருமாக் கெளம்பினோம். பன்னெண்டு வருஷம் ஆச்சு. பாங் கச்சாவுல ரெண்டு ஆறும் மோதற எடத்துல படகு கவுந்துருச்சு. அவளுக்கு நீச்சல் தெரியாது. இவன் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டா. கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா பிகுன். உதறினாத்தான் நீந்த முடியும்."

"உதறிட்டாரா?"

"உதறிட்டான். நானும் தண்ணிக்குள்ளதான் இருந்தேன், பாத்தேன். அவ கெடைக்கவே இல்ல. அதுக்கப்புறம் வீட்டுல யாரும் அந்தப் பேரை எடுக்கறதில்ல. உனக்கும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

கரையில் ஒரு பெண் பானையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டங், டங் என்று சத்தம் தண்ணீர்மேல் வந்தது. பிகுன் அழவில்லை. அத்தனை துறையிலும் தனக்கென்று நினைத்துக்கொண்ட கண்ணீரை ஒவ்வொன்றாக உரியவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கே நேரம் சரியாக இருந்தது.

"அதான் நான் கூப்பிட்டா வரல" என்றாள் கடைசியில்.

நிம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஏங்கற குரலுக்குத்தான் குவன் வரும். அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு. நான்தான் யீசுன், வான்னு கூப்பிடு. குவனுக்கு மூஞ்சி தெரியாது, குரல்தான் தெரியும். அமாவாசைக்கு அஞ்சு நாள்தான் இருக்கு."

செத்தவள் பேரைச் சொல்லித் தண்ணீர்மேல் கூப்பிடக்கூடாது என்று பிகுனுக்குத் தெரியும். ஆற்றில் வளர்ந்த யாருக்குத்தான் தெரியாது? ஆனால் வீட்டு ஓரத்தில் ஊட்டினால் மெல்லும் அந்த வாயை நினைத்தாள். வலையை எடுத்தாள்.

"நான்தான் யீசுன். வா. நான் வந்திருக்கேன், வா."

குரல் மெதுவாக, கொஞ்சம் இழுத்து, மேட்டு நிலத்துப் பேச்சாக வந்தது. பிகுன் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நிம்முக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். வலை காலியாகத்தான் மேலே வந்தது, ஆனால் நிறைமீன் விழுந்ததுபோல் கனத்தது. மடியில் கிடந்த துண்டு வெதுவெதுவென்றிருந்தது. நிம் அரிசியை இரண்டிரண்டாகத் தள்ளினாள்.

"ரெட்டை."

கோ ரியன் துறையிலும் அப்படியே அழைத்தாள். அங்கும் இரட்டை. வேலை நடக்கிறதே என்று இருவராலும் சந்தோஷப்பட முடியவில்லை. படகு முன்னைவிட ஆழத்தில் போயிற்று. இரண்டு பேர் ஏறிய படகில் மூன்று பேர் இருப்பதுபோல் விளிம்பருகே தண்ணீர் தளும்பியது.

"பிகுன், ஏன்டி அப்படிப் பிடிச்சிருக்கே?"

பிகுன் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கை படகின் விளிம்பை விரல் வெளுக்க இறுகப் பற்றியிருந்தது. வாழ்நாளில் முதல்முறையாகத் தண்ணீரைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்தது. அந்தப் பயம் அவளுடையதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது. யாருடையது என்றும் தெரிந்தது.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் பாங் கச்சா முனை. ஒரு ஆறு கலங்கல், ஒரு ஆறு தெளிவு. இரண்டும் முட்டிக்கொண்டு சுழன்றன. எதிர்க்கரைக் கோயிலின் கூரைமணிகள் காற்றில் கிணுகிணுத்தன. சுவடியில் இந்த இடத்துக்கு ஒரே ஒரு வரி: 'இங்கே இறங்கிக்கொள்கிறேன்.' அதற்குப் பிறகு மடிப்பு மடிப்பாக வெறும் கறுப்பு.

"இதுக்கு மேல போயிருக்கானே! பாதத்துல தங்கத்தகடு ஒட்டினான், மணி அடிச்சான்னு கூடப் போனவங்க சொன்னாங்களே" என்றாள் நிம். "பாதத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

"அங்க போனது உடம்புதான் அண்ணி. மிச்சம் எல்லாம் இங்கதான் இருக்கு."

"அப்ப உரக்கக் கூப்பிடு. சாம் கோக்குல கூப்பிட்ட மாதிரியே."

பிகுன் வலையைத் தொடவில்லை. "அவங்க வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, நான்தான் அவங்கன்னு சொல்லணுமா? வேற துறையில ஏமாத்திட்டேன், அதுவே தப்பு. அவங்க காதுபட என்னால முடியாது."

"வராமப் போனா என்னடி செய்வே?"

"கேட்டுத்தான் பாக்கணும்."

வாழையிலை கிழித்து, குவனுக்கென்று கொண்டுவந்த சோற்றையும் முட்டையையும் அதில் வைத்தாள். ஒரு வெற்றிலையை மடித்து ஓரத்தில் வைத்தாள். இலையைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கைகூப்பினாள், மூத்த மனைவி முன்னால் இளையவள் கும்பிடுவதுபோல.

"யீசுன் அக்கா, நான் பிகுன். உங்களுக்குப் பின்னால வந்தவ. வெத்தலை வலது கையில மடிச்சது, பொறுத்துக்குங்க. உங்க பேரைச் சொல்லிப் பொய்யாக் கூப்பிட்டேன், அதையும் பொறுத்துக்குங்க. அவரு உதறினதைப் பொறுத்துக்குங்கன்னு நான் கேக்க மாட்டேன். அதைக் கேக்க நான் யாரு? முப்பத்திரண்டுல ஒண்ணை நீங்களே வச்சுக்குங்க. எது புடிச்சிருக்கோ அதை எடுத்துக்குங்க. மத்ததைக் குடுத்துருங்க அக்கா. வீட்டுல சம்பாதிக்க ஆளு வேணும்..." நிறுத்தினாள். "இல்ல, அது பொய். எனக்கு அவரு வேணும்."

இலை சுழலின் ஓரத்தில் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம் போட்டது. பிறகு யாரோ கைநீட்டி வாங்கியதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

படகு ஒரு விரற்கடை உயர்ந்தது. பிகுனின் இடது கை தானாகத் தளர்ந்தது.

அவள் தன் சொந்தக் குரலில், சொந்தப் பேர் சொல்லி, மூன்று முறை வலையால் அள்ளினாள். நிம் அவசரமாக அரிசிப் பையைத் திறந்தாள்.

"வேண்டாம் அண்ணி. பெரியவங்ககிட்டக் கேட்டு வாங்கிட்டு, அங்கேயே எண்ணிப் பாக்கறது மரியாதை இல்ல."

திரும்பும் வழியில், பாக் கிரெத்திலிருந்து பாங் போ வரை ஒற்றை விழுந்த துறைகளிலெல்லாம் பொய் இல்லாமல் அழைத்தாள். அமாவாசைக்கு முந்தின மாலை வீடு சேர்ந்தார்கள். சேங் அதே ஓரத்தில் அதே திசை பார்த்து உட்கார்ந்திருந்தான். பிகுன் துண்டை அவன் தோளில் போட்டாள். மணிக்கட்டில் நூல் கட்டினாள். அவன் அசையவில்லை. நிம் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிகுன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கால்களைத் தண்ணீரில் விட்டாள். "பாங் கச்சா போயிட்டு வந்தேங்க. யீசுன் அக்காகிட்டப் பேசினேன்."

பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பேர். சேங்கின் முகம் மெல்லத் திரும்பியது. உதடுகள் ஒட்டிப் பிரிந்தன.

"கோவமா இருக்காளா?"

"கோவமா இருந்தா குடுத்திருப்பாங்களா?"

அப்போதுதான் அவன் அழுதான். துறைக்குத் துறை அளந்து எழுதிய அழுகை இல்லை அது. மூக்கு ஒழுக, மூச்சு முட்ட, மாடு கத்துவதுபோல் அழுதான். எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தட்டியைச் சாத்திக்கொண்டாள்.

அழுது ஓய்ந்தபின் சொன்னாள் பிகுன். "ஒண்ணை மட்டும் அவங்ககிட்டயே விட்டுட்டு வந்திருக்கேன்."

"எதை?"

"தெரியாது. அவங்க எடுத்துக்கிட்டாங்க. வாழ்ந்து பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும்."

சேங் தேறினான், மாளிகை வேலைக்குப் போனான். பிகுன் வருஷக்கணக்காக அவனைக் கவனித்தாள். அவன் சிரிப்பு பாதியில் நிற்கும்போது, இதுதானோ போனது என்று நினைப்பாள். மறுநாளே வயிறு குலுங்கச் சிரிப்பான். தூக்கத்தில் ஒருநாள் அவள் பக்கம் திரும்பாமல் கிடந்தால், இதுதானோ என்பாள். விடிகாலையில் அவன் கை அவள் மேல் கிடக்கும். சரி, இதுவும் இல்லை என்று எழுந்துபோய் உலையில் அரிசி போடுவாள்.