மூன்று கார்டுக்கும் பதினாலு

யோங்சான் மின்னணுச் சந்தையில் கடை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் சியோலில் பாதிப் பேர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பேரை எங்களுக்கு வாங்கித் தந்த புண்ணியவான்கள் எப்போதோ கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். பழி மட்டும் எங்கள் தலையில் விடிந்திருக்கிறது. என் பெயர் மா தொக்சு. மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டரில் மாட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கித் துடைத்து, சோதித்து விற்கிறேன். எதிர்க்கடை பாங் கில்து. என் கூடப் படித்தவன். அவனும் இதே தொழில்தான் செய்கிறான், என்னைவிட மோசமாக.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஒரு அம்மாள் காய்கறி வாங்கப் போகிற சக்கரவண்டியில் கம்ப்யூட்டர் பெட்டியைக் கயிற்றால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெந்நீரிலேயே கிடந்து சிவந்த கைகள்.

"எவ்வளவு விலை வரைக்கும் விசாரிச்சுட்டு வந்தீங்க?" என்றான் கில்து. எங்கள் சந்தையில் வணக்கம் என்பதே அதுதான்.

"ஒண்ணும் விசாரிக்கல. நாலு மணிக்கு எனக்குக் கோட்டைச் சண்டை. அதுக்குள்ள ஒரு நல்ல கார்டு வேணும்."

அவர் பெயர் தோ யோங்ரான். புச்சோனில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை. இணையத்தில் ஆடும் ஒரு பழைய போர் விளையாட்டில் நூறு பேருக்கு மேல் உள்ள படைக்குப் பதினொரு வருஷமாகத் தலைவர். அங்கே அவர் பெயர் கருங்கல். திரையில் தாடி வைத்த கோடாலி வீரன். படையில் எல்லாரும் அவரை ஆண் என்று நினைத்து 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"சண்டையில எல்லாரும் மைக்ல பேசுவாங்களே, உங்க குரல் காட்டிக் குடுக்காதா?" என்றேன்.

"மைக் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டேன். அவங்க பேசறதைக் கேட்டுக்குவேன், டைப் பண்ணித்தான் பதில்."

"பதினொரு வருஷமா ஒரே மைக் கெட்டுக் கிடக்குதா?" என்று கில்து சிரித்தான். அம்மாள் சிரிக்கவில்லை.

மூன்று கோட்டைகள் அவர்களிடம் இருந்தன. இரண்டு போய்விட்டன. இரண்டு தடவையும் ஒரே கதைதான். வாசலில் எதிரிப் படை குவிகிற நேரம் பார்த்து இவர் திரை உறைந்துவிடுகிறது. மறுபடி ஓடும்போது கதவு திறந்து கிடக்கிறது, எதிரி உள்ளே நிற்கிறான். இன்று கடைசிக் கோட்டை.

"எனக்கு அடுத்தவன் வெள்ளைநரின்னு ஒரு பையன். 'அண்ணே, உங்க கார்டு கிழண்டு போச்சு. இந்தத் தடவையும் உறைஞ்சா தலைமையை எங்கிட்ட குடுத்துட்டு ஓய்வெடுங்க'ன்னு எல்லாரும் கேக்கவே சொல்லிட்டான். தப்புன்னு சொல்ல முடியல. என்னாலதானே ரெண்டும் போச்சு? ஆனா இதை விட்டா எனக்கு வேற என்ன இருக்கு? சமையல்கட்டுல ஒருத்தரும் என்கிட்ட யோசனை கேக்கறதில்ல."

இதைக் கேட்ட பிறகாவது நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்திருக்க வேண்டும். கில்து உள்ளே போய் 580 என்ற கார்டை எடுத்து வந்தான். நான் அதற்குப் போட்டிக் கம்பெனியின் 1060ஐ எடுத்து வைத்தேன். அவ்வளவுதான், சண்டை கோட்டைக்கு முன்னால் எங்கள் மேசையில் தொடங்கிவிட்டது.

"எட்டு ஜிபி நினைவகம். உன்னோடது ஆறு. விலையும் என்னோடது பத்தாயிரம் வோன் கம்மி. கண்ணு தெரியுதா?" என்றான் கில்து.

"கம்மியாத்தான் இருக்கும். கம்ப்யூட்டரை வெச்சு கிரிப்டோ காயின் தோண்டற எவனோ ரெண்டு வருஷம் அணைக்காம ஓட்டி வித்தது. கரண்ட்டைக் குடம் குடமாக் குடிக்கும். இதை மாட்டினா அந்தம்மாவுக்குக் குளிர்காலத்துல ஹீட்டர் வேண்டாம்."

"உன்னோடது மட்டும் கோயில்ல பூஜை பண்ணிட்டா வந்துச்சு?"

இரண்டையும் மாற்றி மாற்றி என் சோதனைப் பலகையில் மாட்டினோம். திரையில் படம் நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதுதான் கணக்கு. அந்த எண் ஏற ஏற ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். புது விளையாட்டு ஒன்றில் அவனுடையது 61, என்னுடையது 57. கில்து கையைத் தட்டினான். கொஞ்சம் பழைய விளையாட்டைப் போட்டேன். என்னுடையது முந்தியது. சூட்டிலும் சத்தத்திலும் என் கட்சிதான் ஜெயித்தது. அதெல்லாம் விளையாட்டில் சேராது என்றான் அவன். வரவழைத்த ஜாஜாங்மியோன் நூடுல்ஸ் தட்டிலேயே இறுகிக் கட்டியாகிவிட்டது.

நடுவே அந்த அம்மாள் ஏதோ சொன்னார். "ஒரு நிமிஷம்மா" என்றோம். மறுபடியும் சொன்னார். மறுபடியும் ஒரு நிமிஷம் கேட்டோம்.

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

எழுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற குரல் அது. எதிர்வரிசைக் கடைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். எங்கள் கை அப்படியே நின்றது.

"நான் ஆடறது என் விளையாட்டு, என் பெட்டியில. உங்க பலகையில ஓடற படத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? என் பெட்டியில போட்டுப் பாருங்க."

முதலிலேயே செய்திருக்க வேண்டியது. யோங்சான்காரன் புத்தி. வாங்க வந்தவரை மறந்துவிட்டு எண்ணுக்கு அடித்துக்கொள்வோம். எங்கள் சோதனைப் பலகையில் இருப்பது வலுவான பிராசஸர், எந்தக் கார்டுக்கும் தடையாக நிற்காத ஒன்று. அந்த அம்மாளின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பெட்டியைத் திறந்தேன். தூசு, அதன் கீழே ஒரு சின்னக் கார்டு, இரண்டே கோர் உள்ள பழைய பிராசஸர். முதலில் 1060ஐ மாட்டினேன். அம்மாள் விளையாட்டைத் திறந்து நகரத்துச் சந்தை நடுவில் போய் நின்றார். சண்டைக்கு முன்னால் எல்லாரும் கூடுகிற இடம், தலை மேல் தலை. எண்ணைப் பார்த்தேன். பதினாலு.

கில்து இளித்துக்கொண்டே வேறு பவர் சப்ளையைக் கொண்டுவந்து தன் 580ஐ மாட்டினான். பதினாலு. இளிப்பு போய்விட்டது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவருடைய பழைய கார்டையே திரும்ப மாட்டினேன். பதினாலு.

கில்து மேசைக்கடியில் என் காலை மிதித்தான். பேசாமல் ஏதாவது ஒன்றைக் கட்டிக் கொடு என்று அர்த்தம். மிதித்தவனைப் பார்த்து ஒரு முறை முறைத்தேன்.

"அம்மா, கார்டு உங்க பிரச்சினையே இல்ல. கூட்டத்துல யார் எங்க நிக்கறாங்க, எப்படி நகர்றாங்கன்னு கணக்குப் போடறது பிராசஸர். அது போட்டுக் குடுத்ததை வரையறது மட்டும்தான் கார்டு வேலை. உங்க விளையாட்டு பழசு, வரையறது சுலபம். கணக்குத்தான் மலையா இருக்கு. உங்க சமையல்கட்டுல சோறு வேகறதுக்கு முன்னால எத்தனை பேர் கரண்டியோட நின்னு என்ன பிரயோசனம்?"

"அப்ப அடுப்பை மாத்துங்க" என்றார்.

அவருடைய பெட்டியின் மதர்போர்டிலேயே உட்காரக்கூடிய நாலு கோர் பிராசஸர் ஒன்று கில்துவிடம் இருந்தது. பழசுதான், இரண்டு கார்டையும்விட மலிவு. அவனே எடுத்து வந்து, சூடு கடத்தும் பசை தடவி, மாட்டினான். சந்தை நடுவில் நாற்பது காட்டியது. அம்மாள் முகம் மலர்ந்தது. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தார், மலர்ந்தது வாடிவிட்டது. எங்கள் வீம்பில் பொழுது போயே போய்விட்டது. ரயில் பிடித்து புச்சோன் போய்ச் சேருவதற்குள் கோட்டை இருக்காது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"இங்கயே உக்காருங்க" என்று மேசையைத் துடைத்துவிட்டேன்.

சண்டை தொடங்கியது. ஸ்பீக்கரில் இருபது முப்பது பையன்கள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "அண்ணே, கிழக்கே வர்றாங்க!" "அண்ணே, மருந்து தீருது!" அம்மாளின் விரல்கள் பறந்தன. எதிரிப் படை வாசலில் வந்து குவிந்தது. எப்போதும் உறைகிற இடம். எண் முப்பதுக்கு இறங்கியது, அங்கேயே நின்றது. திரை ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம். வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவன் மதில் மேலிருந்து இறங்கினான். அவசரமே இல்லாமல் கதவு விசைக்கு நடந்தான், அதில் கையை வைத்தான். கதவு மெதுவாகத் திறக்கத் தொடங்கியது.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "அண்ணே, மறுபடியும் உறைஞ்சுட்டீங்களா? பரவால்ல, விடுங்கண்ணே."

அம்மாளின் விரல்கள் நின்றுவிட்டன. டைப் அடிக்க நேரமில்லை. ஆணியில் தொங்கிய என் சோதனை ஹெட்செட்டை இழுத்துச் செருகினார்.

"டேய் வெள்ளைநரி! எடுடா கையை!"

அத்தனை பேரும் ஊமையாகிவிட்டார்கள். அம்மாள் ஒரு பட்டனைத் தட்டி அவனைப் படையிலிருந்து தூக்கி எறிந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"கருங்கல் நான்தான். பொம்பளைதான். அதைப் பத்தி அப்புறமாப் பேசிக்கலாம். இப்ப வாசல்ல ரெண்டு வரிசையா நில்லுங்க, ஒருத்தன் உள்ள வரக் கூடாது!"

யாரும் அசையவில்லை. எதிரிகள் நுழைகிறார்கள், கருங்கல் மட்டும் தன்னந்தனியாக வாசலில் கோடாலியைச் சுழற்றுகிறது. கில்து என் தோளைப் பிடித்து நசுக்கினான்.

பிறகு ஒரு பையனின் குரல், தயங்கித் தயங்கி வந்தது.

"முன்வரிசையில நான் நிக்கறேன்... அக்கா."

"நில்லு. கேடயம் இடது பக்கம்."

அவன் பின்னால் ஒவ்வொருவராக ஓடி வந்தார்கள். கதவை மூடினார்கள். அன்று கோட்டை விழவில்லை. முடிந்தபோது ஸ்பீக்கர் முழுக்க 'அக்கா, அக்கா' என்று ஒரே கூச்சல். நானும் கில்துவும் எங்களுக்கே கோட்டை கிடைத்ததுபோல் கட்டிப் பிடித்துக்கொண்டோம்.

அம்மாள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தார்.

"அவன் ஆட வந்த புதுசுல ஒரு வாளுகூட இல்லாம இருந்தான். நான்தான் பக்கத்துலயே நின்னு ஆளாக்கினேன்" என்றார். தன் பெட்டியின் மேல் கையை வைத்தார். "ரெண்டு கோட்டைக்கும் இதைத்தான் திட்டினேன். இது இன்னும் கொஞ்ச நாள் மெதுவாவே ஓடியிருந்தா, அவன் எனக்கு நல்ல தம்பியாவே இருந்திருப்பான்."

கில்து எழுந்து போய் மூன்று பேருக்கும் காபி கலக்கினான்.