சூப் ஆறுவதற்குள்

கட்டில் கம்பியில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, வெண்டல் ஷூஸ்டர் பேனாவுக்காகக் கை நீட்டினார். முதுகுப் பக்கம் திறந்த ஆஸ்பத்திரி அங்கி, வழுக்காத மஞ்சள் சாக்ஸ், மணிக்கட்டில் பெயர் எழுதிய பட்டை. அந்தக் கோலத்தில் பார்த்தால் இவர்தான் நாட்டின் ஜனாதிபதி என்று யாரும் சத்தியம் செய்யமாட்டார்கள். குடலில் ஏதாவது முளைத்திருக்கிறதா என்று குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனை, அந்த வயதில் எல்லோரும் செய்துகொள்வதுதான். அந்தப் பாழாய்ப்போன மருந்துத் தண்ணீரை முந்தின நாளே குடித்து, கழிப்பறைக்கும் படுக்கைக்கும் நடந்து நடந்து ஓய்ந்திருந்தார். கழிப்பறை வாசலில் துப்பாக்கியோடு ஒருவன் காவல் நின்றதைத் தவிர மற்றவர்களுக்கும் அவருக்கும் இதில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. மற்றவர்கள் மயக்க மருந்துக்கு முன்னால் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிக் கொடுத்தால் போதும். இவர் நாட்டையும் கழற்றிக் கொடுக்க வேண்டும். மோதிரமும் கடிகாரமும் மனைவி லோர்னாவின் உள்ளங்கையில் இருந்தன. நாட்டைக் கொடுப்பதற்கான கடிதத்தைச் சட்ட ஆலோசகர் பெம்பர்டன் அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் மயக்கத்தில் இருக்கும் நேரத்துக்குத் துணை ஜனாதிபதி என் அதிகாரங்களை வகிப்பார் என்று இரண்டே வரி. வெண்டல் கையெழுத்துப் போட்டார்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்த கை கம்பியின் மேல் வந்து படுத்தது. தட்டவில்லை. லோர்னா அந்தத் தட்டுக்காகக் காத்திருந்தாள். குழாய் சொட்டுகிற வீட்டில் இருப்பவர்கள் அடுத்த சொட்டுக்குக் காத்திருப்பது போல மூன்று வருஷமாக அவளுக்கு அது பழகிவிட்டது. இப்போது வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். வெண்டல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இடது தோளுக்கு மேலே இல்லை, அவளையே.

"ஏ வாத்து, ஏன் இப்படி எளச்சுப் போயிருக்கே?" என்றார்.

அதற்குள் நர்ஸ்கள் கட்டிலை உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மயக்க மருந்து இன்னும் ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கவில்லை. லோர்னா அதை நன்றாக மனதில் குறித்துக்கொண்டாள், பின்னால் யாராவது மருந்தின்மேல் பழியைப் போட்டுவிடக்கூடாது என்று.

காத்திருக்கும் அறையில் அவளுக்கென்று காப்பி வைத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருந்தன. வாத்து. சமையலறையில் அவள் பின்னாலேயே வந்து அவள் நடையைக் கேலி செய்து நடந்து காட்டுவார். பதவிக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெயர் வீட்டில் கேட்டதில்லை. கெட்டவராகிவிட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு கடுஞ்சொல் இல்லை, ஒரு பொய் இல்லை. சூடான சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு அது ஆறுகிற வரை பார்த்துக்கொண்டிருப்பார். பேசும்போது எதிரில் இருப்பவரின் இடது தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். நடுநடுவே விரலால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். படுக்கையில் பீரோ பக்கத்தில் படுத்திருப்பது போல இருக்கும். பத்திரிகைக்காரர்கள் இதற்கெல்லாம் கம்பீரம் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது, ஜனாதிபதி சூப்பை ஆறவைத்துக் குடிக்கிறார் என்றா?

ஒரே ஒரு ஆளிடம் சொல்லியிருக்கலாம். பதவியேற்கிற அன்று காலையில், போகிறவர்கள் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பது வழக்கம். முந்தைய ஜனாதிபதியின் மனைவி கோப்பையை நீட்டியபடி, "நாய் வளர்க்கறீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும், "உங்க அக்கா தங்கச்சி யார் வீட்டுலயாவது விட்டுடுங்க. பாவம் அது," என்றாள். அப்புறம் மேடையில், வெண்டல் உறுதிமொழியின் கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் கைப்பிடியைத் தட்டிக்கொண்டிருந்த பதவியை விட்டுப் போகிற கிழவரின் விரல்கள் நின்றதை லோர்னா பார்த்தாள். அவர் மனைவி பக்கம் திரும்பி, "கையுறை போடலியா நீ? குளிருமே," என்றார். அந்த அம்மாள் உடைந்து அழுதாள். பதவி போன துக்கம் என்று ஊரே பேசியது. லோர்னாவும் அப்படித்தான் நினைத்தாள்.

கைப்பையில் போன் அதிர்ந்தது. எமெட். துணை ஜனாதிபதி ஜோசலினின் கணவன், பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார். விருந்துகளில் இவர்கள் இரண்டு பேரும் ஓரமாக ஒதுங்கி ஊர்வம்பு பேசுவது வழக்கம்.

"லோர்னா, அவர் எப்ப எழுந்திருப்பார்?"

"இப்பத்தானேப்பா உள்ள கொண்டு போனாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஜோசலின் ஒரு மாதிரியா இருக்கா. கேட்டா சிரிப்பீங்க."

"சிரிக்கல, சொல்லு."

"கடிதம் வந்துச்சுன்னு போன்ல சொன்னாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. ஒரு மணி நேர மகாராணிக்கு பான்கேக்னு நான்கூட கிண்டல் பண்ணி தட்டை வெச்சேன். சாப்பிடல. அது ஆறட்டும்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருக்கா. எங்க பிள்ளை டில்லி மடியில ஏறப் போச்சு. குழந்தையப் பார்க்கவே இல்ல லோர்னா. அதோட தோளுக்கு மேல எதையோ பார்க்கறா. பூனை அலமாரி மேல ஏறிக்கிட்டு இறங்க மாட்டேங்குது. அப்புறம் மேசையில விரலால…"

"ரெண்டு தட்டு," என்றாள் லோர்னா.



"உங்களுக்கு எப்படித் தெரியும்?" எமெட்டின் குரல் இறங்கிவிட்டது. "டில்லி மேசைக்கு அடியில போய் உக்காந்துக்கிச்சு. அம்மா எப்ப வருவாங்கன்னு கேக்குது. அம்மா எதிர்லயே உக்காந்திருக்கா. ஆறு வயசுப் பிள்ளைக்கு நான் என்னன்னு சொல்றது?"

லோர்னாவுக்குப் பயம் வந்தது. அதற்கும் அடியில், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், ஒரு சந்தோஷம் குபுக்கென்று கிளம்பியது. நம் வீட்டைவிட்டுப் போய்விட்டது. அடுத்த வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, ஆனால் போய்விட்டது.

பரிசோதனை முடிந்து அவரைக் கொண்டுவந்தபோது அறையில் யாருக்கும் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "மிஸ்டர் பிரசி…" என்று ஆரம்பித்த பெம்பர்டன், இப்போதைக்கு அது சட்டப்படி தப்பு என்று நினைவு வந்து, "சார்" என்று முடித்தார். நர்ஸ் டெல்ஃபினாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. பட்டையில் இருந்த பெயரைப் படித்துக் கன்னத்தைத் தட்டினாள். "வெண்டல், கண்ணைத் திறங்க. எல்லாம் முடிஞ்சுது. குடல் சுத்தமா இருக்கு." பிறகு லோர்னா பக்கம் திரும்பி, தினமும் எல்லா மனைவிமாருக்கும் ஒப்பிப்பதை ஒப்பித்தாள். "இன்னிக்குப் பூரா வண்டி ஓட்டக்கூடாது. அடுப்புப் பக்கம் தனியா விடாதீங்க. எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போடக்கூடாது. முக்கியமான முடிவு எதுவா இருந்தாலும் நாளைக்குக் காலைலதான்."

அதிகாரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இரண்டாவது கடிதத்தோடு நின்றிருந்த பெம்பர்டன் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், அதெல்லாம் மத்தவங்களுக்கு."

"மருந்து எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்," என்றாள் டெல்ஃபினா. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து முகம் சிவந்தாள்.

டாக்டர் சமாதானமாகச் சிரித்தார். "நாங்க கேக்கற கேள்விக்கெல்லாம் பாதி மயக்கத்துலயே சரியா பதில் சொல்லிடுவாங்க. அதனால வீட்டுக்காரங்களத்தான் கேப்போம். நீங்க சொல்லுங்க மேடம், எப்பவும் போலத்தான் இருக்காரா? இல்லைன்னா நாளைக்குக் காலைல வரைக்கும் துணை ஜனாதிபதியே பார்த்துக்கட்டும். ஒண்ணும் அவசரமில்ல."

எத்தனை சுலபம். இல்லை என்று ஒரு சொல். அதிலும் பொய் கிடையாது.

"கொஞ்சம் சூப் குடிக்கட்டும். அப்புறம் சொல்றேன்," என்றாள் லோர்னா. எல்லோரும் வெளியே போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெம்பர்டன் அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

கோழி சூப், ஆவி பறந்தது. வெண்டல் ஊதிக்கூடப் பார்க்காமல் ஒரு கரண்டி வாயில் விட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீ வைக்கறத விட நல்லா இருக்கு."

"கொழுப்புதான் உனக்கு. ஒரு நாள் பட்டினி போட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

அவர் இன்னொரு கரண்டி குடித்தார். லோர்னாவுக்கு அழுகை முட்டியது. எதிரில் உட்கார்ந்து ஒரு மனுஷன் சூடாகச் சாப்பிடுவதைப் பார்ப்பதில் இவ்வளவு இருக்கிறதா?

"ரொம்ப நாளா நின்னுக்கிட்டே இருக்கேன் லோர்னா. கால் வலிக்குது," என்றார் வெண்டல்.

"எங்க நின்னே?"

"உன் பின்னாடிதான். இடது பக்கம்." கரண்டியால் காட்டினார். "அங்கேருந்து பார்த்தா மேசை தெரியும். நான் உக்காந்து சாப்பாடு ஆறறதப் பார்த்துக்கிட்டிருப்பேன். நீ ஏதாவது பேசிக்கிட்டிருப்பே. நான் கத்துவேன். உனக்குக் கேக்காது. என் உடம்புக்குள்ள புகுந்த அது மட்டும் என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கும்."

லோர்னா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. "அந்தத் தட்டு?" என்று கேட்டாள். "அதக் கேக்கவே முடியாம ஒரு தடவ காது ரெண்டையும் பொத்திக்கிட்டேன்."

"தெரியும். பார்த்தேன்." வெண்டல் கொஞ்ச நேரம் சூப்பைக் கலக்கினார். "அது நான். கை கால் எதுவும் என் பேச்சக் கேக்கல. அந்த ரெண்டு விரல் மட்டும் எப்பவாவது கேக்கும்."

மூன்று வருஷமாக எதைக் கேட்டு உள்ளூரச் சபித்துக்கொண்டிருந்தாளோ அதுதான் அவராம்.

"இப்ப அங்க யாரு நிக்கறா?" என்று கேட்டார் வெண்டல்.

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "ஜோசலின். தட்டுறாளாம். எமெட் போன் பண்ணான்."

"டில்லி பின்னாடியா நிக்கறா?"

லோர்னா தலையாட்டினாள். அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். அந்தச் சின்னச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த மனுஷனைத்தான் அவள் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். இந்த மனுஷன் இதைத்தான் செய்வான்.

"வேண்டாம் வெண்டல். நான் இல்லைன்னு சொல்லிடறேன். ஒரு நாள். நாளைக்குக் காலைல வரைக்கும்தானே? பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாது."

"நாளைக்குக் காலைல நீ விடுவியா?"

விடமாட்டாள். அது இரண்டு பேருக்குமே தெரியும். அவளுக்குக் கோபம் வந்தது. "உனக்கென்ன, நல்லவன்னு பேர் வாங்கிக்கிட்டு எழுந்து போயிடுவே. நான்ல அதோட உக்காந்து சாப்பிடணும்! இன்னும் ஒரு வருஷமா இருந்தாக்கூடப் பரவாயில்ல. மறுபடியும் தேர்தல்ல நிக்கப் போறேன்னு டிவியில சொல்லியாச்சே நீ."

"நான் சொல்லல," என்றார் வெண்டல் மெதுவாக.

சூப்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டினார். லோர்னா மோதிரத்தை அவர் விரலில் போட்டுவிட்டாள். விரல் வீங்கியிருந்ததால் கொஞ்சம் திருகித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. "வலிக்குதுடி வாத்து," என்றார். அவள் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தாள்.

டாக்டர் உள்ளே வந்தார். "என்ன மேடம், எப்பவும் போலத்தான் இருக்காரா?"

"இருக்கார். எப்பவும் போலத்தான்."

பெம்பர்டன் அட்டையை நீட்டினார். பேனா காகிதத்தில் ஓடியபோது வெண்டல் அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். கடைசி எழுத்தைச் சுழிக்கும்போது அவர் பார்வை அவள் முகத்திலிருந்து மெல்ல நகர்ந்து, இடது தோளைத் தாண்டி நின்றது. பிடித்திருந்த கையில் கனம் ஏறியது. அவளே விட்டுவிட்டாள்.

"மிஸ்டர் பிரசிடென்ட்," என்றார் பெம்பர்டன் நிம்மதியாக. "கடிதம் இந்த நிமிஷமே போயிடும். கார் தயாரா இருக்கு."

நர்ஸ் டெல்ஃபினா உட்பட எல்லோரும் விறைத்து நின்றார்கள். அவர் சூப் கிண்ணத்தை விரல் நுனியால் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லோர்னாவின் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். எமெட் அழுதுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் டில்லி யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியது போலக் கத்திக் கத்திச் சிரிப்பது கேட்டது. கூடவே ஜோசலினின் குரல், "ஐயோ, பான்கேக் இப்படி ஆறிப்போச்சே, யாராவது சூடு பண்ணித் தாங்களேன்," என்றது.

கட்டில் கம்பியில் இரண்டு தட்டு கேட்டது.

லோர்னா போனை இறக்கினாள். கட்டிலைப் பார்க்கவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவையாகத் தன் இடது தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், ஆக்ஸிஜன் குழாய், கொக்கியில் தொங்கிய அவளுடைய கோட்டு. கால் வலிக்குது என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துச் சுவரோரமாக, கோட்டுக்குக் கீழே போட்டாள். பிறகு அதன் கைப்பிடியில் இரண்டு விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.