ஆவுடைத்தாய் மேல் காய்ந்த துணிகள்

மதுரையில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு இலத்தூருக்குத் திரும்பிய ஆவுடைத்தாயின் மடியில் எந்த ஈரத் துணியை விரித்தாலும் நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிட்டது. அது வைகாசிக் கடைசி. சாரல் தொடங்கியிருந்தது, புளியங்குடியில் எலுமிச்சை விலை இறங்கியிருந்தது. துணி காய்வதை முதலில் கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு வேல்விழி. நலம் விசாரிக்க வந்தவள், கையில் இருந்த மகளின் ஈரமான பள்ளிக்கூடச் சட்டையைப் பேச்சுவாக்கில் ஆவுடைத்தாயின் மடியில் போட்டிருக்கிறாள். எழுந்து போகும்போது எடுத்தால், சட்டை இஸ்திரி போட்டது மாதிரி மொடமொடவென்று இருந்தது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் சாரலை ஆகா ஓகோ என்று புகழ்ந்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே துவைத்துப் போடுகிறவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். இரண்டு மாதம் எதுவும் காயாது. உள்பாவாடை முதல் போலீஸ்காரரின் காக்கிச் சட்டை வரை எல்லாவற்றிலும் ஒரு புழுக்க நாற்றம் இருந்துகொண்டே இருக்கும்.

மறுநாளே தெருவில் பாதிப் பேர் வாளியோடு வந்துவிட்டார்கள். இதற்கெல்லாம் நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத் துணி முதலில், வேலைக்குப் போகிறவர்களின் துணி அடுத்தது, போர்வை கொண்டுவரக் கூடாது என்று அவர்களே ஒழுங்கும் வகுத்துக்கொண்டார்கள். ஆவுடைத்தாய் முப்பது வருடம் பீடி சுற்றியவள். நுரையீரலில் புற்று புகையிலைத் தூளால் வந்ததா வேறு எதனால் வந்ததா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. இனிமேல் சுற்றக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார். வெறும் கையோடு கட்டிலில் சாய்ந்து கிடப்பதுதான் அவளுக்கு அறுத்த இடத்து வலியைவிடப் பெரிய வலியாக இருந்தது. துணி வர ஆரம்பித்ததும் முகம் தெளிந்துவிட்டது. காலர் அழுக்குப் போகாத சட்டை வந்தால் திருப்பி அனுப்பி மறுபடி துவைக்கச் சொல்லும் அளவுக்குத் தேறினாள்.

அவள் புருஷன் நல்லதம்பி எலுமிச்சை லாரி ஓட்டுகிறவன். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அவனுக்கு அவள்தான் எல்லாம். ஆபரேஷனுக்குப் பிறகு வடக்கே போகிற லோடு எதையும் அவன் ஏற்கவில்லை. செங்கோட்டை தாண்டிக் கேரளாவில் இறக்கிவிட்டு மறுநாளே வந்துவிடுவான். வந்ததும் செல்போனில் நேரம் வைத்து, தன் துண்டை நனைத்து அவள் தோளில் போட்டுப் பார்ப்பான். உடம்பில் சூடு நன்றாக ஓடுகிறது, அறுத்தது ஒத்துக்கொண்டுவிட்டது என்பது அவன் கட்சி. தெருவும் அப்படித்தான் நினைத்தது. சாரல் காலத்தில் ஈரத்தைப் போக்குகிற எதையும் கெட்டது என்று நினைக்க அந்தத் தெருவில் யாருக்கும் வராது.

தென்காசியில் ஒரு சிறிய லேபில் ரத்தம் பார்க்கிறவள் ஷமீம் பானு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இலத்தூருக்கு வந்து ஆவுடைத்தாயிடம் ரத்தம் எடுத்துக்கொண்டு போவாள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் இரண்டு வகையை எண்ணி, ஒன்றை மற்றதால் வகுத்து, அந்த எண்ணை மதுரைக்கு அனுப்ப வேண்டும். உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஏதாவது கனன்றுகொண்டிருந்தால் முதல் வகை பெருகும், இரண்டாவது சுருங்கும். மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. ஐந்தைத் தாண்டி அங்கேயே நின்றால் ஆள் நெடுநாள் இருப்பது சிரமம் என்பது அந்த டாக்டர் வைத்திருந்த கணக்கு. தை மாதம் வரை ஆவுடைத்தாயின் எண் இரண்டரையிலேயே நின்றது. துணியும் நாற்பது நிமிடத்திலேயே நின்றது.

பங்குனியில் துணி இருபத்தெட்டு நிமிடத்தில் காய்ந்தது. வைகாசியில் பதினைந்து. தெருவுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது, போர்வைக்கும் அனுமதி கிடைத்தது. நல்லதம்பி டீக்கடையில் நிமிடக் கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டான். அந்தத் தைரியத்தில்தான், ஒரு வருடமாக வேண்டாம் என்று தள்ளிய வடநாட்டு லோடுகளையும் ஏற்றுக்கொண்டான். போக வர பன்னிரண்டு நாள்.

வைகாசியில் ஷமீம் பானு எண்ணியபோது ஐந்தே கால் வந்தது. சளி பிடித்தால்கூட ஏறும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று மதுரையிலிருந்து பதில் வந்தது. ஆனால் அவள் ஒன்பது வருடமாக இந்த எண்களை எண்ணுகிறவள். நேரில் போய் ஆவுடைத்தாயின் மடியில் கிடந்த சட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். விரல் சுட்டது.

"அக்கா, சளி கிளி இருக்கா?" என்று கேட்டாள்.

"சளியும் இல்ல, கிளியும் இல்ல. எனக்குத் தெரியாதா பானு? என் உடம்பு என்கிட்ட சொல்லாம உன் மிஷின்கிட்டயா சொல்லும்?" என்றாள் ஆவுடைத்தாய். காய்ந்த சட்டையை மடித்துக்கொண்டே, "அவுக இப்பதான் கொஞ்சம் சிரிச்சுக்கிட்டுத் திரியுதாவ. ரிப்போட்ட குடுக்கும்போது ஒண்ணும் சொல்லிராத, என்ன?" என்றாள்.

ஷமீம் பானு தலையாட்டிவிட்டாள். தலையாட்டியதுதான் தப்பு என்று பிற்பாடு அவளே எல்லோரிடமும் சொன்னாள். அந்த இரண்டு மாதத்தில் நல்லதம்பி நான்கு முறை வடக்கே போய்வந்தான். ஒரு முறை அங்கிருந்து ஒரு போர்வை வாங்கிவந்தான். அதை நனைத்துக் காயவைத்துப் பார்க்கவும் செய்தான்.

ஆடியில் எண் எட்டைத் தாண்டியது. துணி ஆறு நிமிடத்தில் காய்ந்தது. ஐந்தாவது லோடுக்குக் கிளம்புகிற வழியில் ரிப்போர்ட்டை வாங்க நல்லதம்பியே லேபுக்கு வந்து நின்றான். லாரி வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, வண்டிய ஆப் பண்ணிட்டு வாங்க" என்றாள் ஷமீம் பானு. அவன் வந்து உட்கார்ந்ததும் எண்ணைக் காட்டினாள், அதற்கு என்ன அர்த்தம் என்றும் சொன்னாள். துணி சீக்கிரம் காய்வதற்கும் அதுதான் காரணம் என்றாள்.

"மிஷின் தப்பாக் காட்டுதோ என்னமோ. இன்னொரு தடவ பாரேம்மா."

"மூணு தடவ பாத்துட்டேன் அண்ணாச்சி."

"நம்பரு நூறு பேருக்குச் சொல்லும், ஒருத்தருக்குன்னு சொல்லாதுன்னு அந்த டாக்டரே சொல்லிருக்காரு."

"நிசந்தான். அக்காவுக்கு அது தப்பாப் போவட்டும், நானும் அதத்தான் வேண்டிக்கிடுதேன். ஆனா நீங்க தூரத்துக்கு மட்டும் போவாதிய."

அவன் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டான்.

"ரெண்டு மாசமா."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். லாரிச் சாவியை முதலாளி வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனான்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. சேதி தெருவுக்குத் தெரிந்த அன்றிலிருந்து ஒருவர்கூடத் துணி கொண்டுவரவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக எதன் மேல் துணி காயவைத்தோம் என்று தெரிந்ததும் வேல்விழி இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆவுடைத்தாய்க்கோ கோபமான கோபம். "என்ன, நான் செத்தா போயிட்டேன்? எல்லாரும் ஈரத்தோடயா பள்ளிக்கூடம் அனுப்புதிய?" என்று கட்டிலில் கிடந்தபடியே சத்தம்போட்டாள். அதன் பிறகு நல்லதம்பியே வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் துணி வாங்கிவந்தான். அழுதுகொண்டே கொடுத்தார்கள். அவன் விரிப்பான், அவள் மடிப்பாள். அவள் கை ஓய்ந்ததும் அவனே மடித்தான். ஒருநாள் ஆட்டோ வைத்து அவளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனான். சாரல் பொழிந்துகொண்டிருந்தது, அவள் மேல் விழுந்த துளி நனைக்குமுன் ஆவியாகிப் போனதால் கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் நனையாமல் உட்கார்ந்திருந்தாள். பஜ்ஜி கேட்டாள், பாதி தின்றாள். அப்படி அவனுக்குக் கிடைத்தது பத்தொன்பது நாள். வடக்கே தொலைத்தது நாற்பத்தெட்டு.

இருபதாம் நாள் காலையில் அவன் நனைத்துப் போட்ட துண்டு அவள் தோளில் காயவில்லை. பத்து நிமிடம் பார்த்தான், அரை மணி பார்த்தான். சூடு இறங்கிவிட்டது, எண் பொய்யாகிவிட்டது என்று ஷமீம் பானுவுக்குப் போன் செய்துவிட்டான். அவள் உடனே ஆட்டோ பிடித்து வந்தாள். வந்து பார்த்துத் துண்டை எடுத்துப் பிழிந்து வைத்தாள்.

கொள்ளி வைக்குமுன் குளித்து ஈர வேட்டியோடு நின்ற நல்லதம்பி, ஈர வேட்டியோடே வீட்டுக்குத் திரும்பினான். அந்த வேட்டி அதன் பிறகு காயவில்லை. மாற்றிக் கட்டிய வேட்டியும் இடுப்பில் ஏறியதும் ஈரமாகிவிட்டது. பதினாறாம் நாள் கழிந்து வண்டிக்குத் திரும்பியபோது, முதலாளி டிரைவர் சீட்டில் ரப்பர் ஷீட் போட்டுக் கொடுத்தார். டீக்கடை பெஞ்சில் அவன் எழுந்த இடத்தைத் துடைத்துவிட்டு மற்றவர்கள் உட்காரப் பழகிக்கொண்டார்கள். அடுத்த சித்திரையில் வேல்விழிக்கு மனசு கேட்கவில்லை. அண்ணாச்சி, அந்த வேட்டியை ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கி, உச்சி வெயிலில் கொடியில் போட்டாள். சாயந்திரம் வரை வேட்டி சொட்டிக்கொண்டே இருந்தது. அதைப் பிழியாமல் மடித்து அவனிடமே கொடுத்தாள். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டு புளியங்குடிக்கு லோடு ஏற்றப் போனான்.