கச்சேரி ரோடு வழியாகப் போன வீடு

2023 ஆகஸ்ட் ஏழாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, ராயப்பேட்டையில் வடிவேலுவின் வீடு கடல் இருக்கும் பக்கமாக மூன்றடி நகர்ந்தது. விரிசல் எதுவும் விழவில்லை. அடுப்பில் இருந்த பாலும் சிந்தவில்லை. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் நடுவில் இடைவெளி விழுந்ததால் சமையலறைக்கு முதல்முறையாக வெயில் வந்தது. வடிவேலுவின் மனைவி சுலோச்சனா அந்த வெயிலில் மிளகாயைக் காயப்போட்டுவிட்டுத்தான் வீடு நகர்ந்ததைப் பற்றி யோசித்தார்.

காரணம் மாடிப்படிக்குக் கீழே இருந்த எஞ்சின். மீன்பிடி போட்டில் பூட்டும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின்; முப்பத்தொரு வருடமாக ஓடாமல், தண்ணீர்க் குடம் வைக்கும் மேடையாக உழைத்துக்கொண்டிருந்தது. அறுபத்திரண்டு வயது வடிவேலு ஒரு மெக்கானிக். ஜெனரேட்டரோ மாவு மெஷினோ, காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார் என்று அந்த வட்டாரத்தில் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பெரும்பாலும் பேசியவர் அவரேதான். கடைப் பலகையில் ‘எஞ்சின் டாக்டர்’ என்று எழுதிவைத்திருந்தார். பக்கத்து ஐஸ் ஹவுஸ் பகுதியில் ஒரு ஸ்கூட்டர் அவர் கைபட்ட பிறகு ஹாரன் அடித்தால் மட்டுமே ஓடியது. அதைத் தன் கண்டுபிடிப்பு என்றே அவர் சொல்லிவந்தார்.

இந்த எஞ்சின் சுலோச்சனாவின் தம்பி கருணாகரனுடையது. 1992இல், சாந்தோம் குப்பத்திலிருந்து, சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறதென்று கொண்டுவந்து கொடுத்தார். வடிவேலு பிரித்தார், துடைத்தார், திரும்பப் பூட்டினார். அதற்குப் பிறகு அது ஓடவே இல்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாமன் முறைக்காரர், அதிலும் டாக்டர், எப்படிச் சொல்வார்? எஞ்சினை வைத்துக்கொள்ளத் தெரியாதவன் எதற்கு வாங்கினாய் என்று மச்சானைக் கேட்டார். பேச்சு முற்றியது. அந்த வீட்டுப் படியை இனி நாம் யாரும் மிதிக்கக் கூடாது என்று மனைவிக்கும் சேர்த்து முடிவெடுத்தார். கருணாகரன் பதினோரு வருடம் அடுத்தவர் போட்டில் கூலிக்குப் போனார். சுலோச்சனா, தாய் இறந்தபோது மட்டும் போய், தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார். இரண்டு வீட்டுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்தான்.

வீடு நகர்ந்த அன்று விடிகாலையில் சுலோச்சனா எஞ்சினைக் காட்டி, “இத்த காயலான் கடைல போட்டுட்டு வா. வாஷிங் மெஷினு வைக்க எடம் வேணும்” என்றார்.

“ஓடற எஞ்சின எவனாவது காயலான் கடைல போடுவானா?”

“ஓட்டு பாப்போம்” என்று சொல்லிவிட்டு அவர் காய் நறுக்கப் போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் வடிவேலு குடத்தை இறக்கிவைத்துவிட்டு எஞ்சினைக் கழற்றினார். காற்று இழுக்கும் துவாரத்தில் ஏதோ அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்தால் நீலக் கட்டம் போட்ட துணி, அவருடைய பழைய சட்டையின் கை. தூசி போகாமலிருக்க அன்றைக்கு அவரே சுருட்டிச் செருகி, எடுக்க மறந்திருந்தார். எஞ்சினுக்கு நோயே இல்லை. மூக்கை டாக்டர் பொத்திவைத்திருந்தார். துணியை அவசரமாகப் பையில் போட்டுக்கொண்டு, டீசல் ஊற்றிக் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தார். எஞ்சின் ஓடியது. வீடும் புறப்பட்டது.

டீசலை வடித்துப் பார்த்தார், சக்கரத்தில் கட்டையைச் செருகிப் பார்த்தார், கடைசியில் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். நிற்கவில்லை. நாளொன்றுக்கு நூறடி வீதம் வீடு போனது. மின்கம்பியும் குழாயும் அறுந்துவிடாமல் பின்னாலேயே நீண்டு வந்தன. பன்னிரண்டடி அகல வீடு என்பதால் பஸ் ஒதுங்கிப் போக இடமிருந்தது. பின்சுவரில் சிவப்பு விளக்கு மாட்டச் சொன்னதோடு போக்குவரத்துப் போலீஸ் விட்டுவிட்டது. லஸ் சந்திப்பில் மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றியிருந்ததால் வீடும் எல்லோரையும் போலச் சுற்றிக்கொண்டு போனது. அதில் ஆறு நாள் வீண். கச்சேரி ரோட்டில் சூடாமணி மாமி கதவைத் தட்டி, “எங்காத்து வாசல மறைச்சிண்டு நிக்கறதே, கோலம் போடணும், செத்த நகத்துங்கோ” என்றார். “நாளிக்கு காலீல போய்டும் மாமி” என்று சுலோச்சனா சொன்னார். போனது.

வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்து, இந்த எஞ்சினைச் சரிசெய்த கை யாருடையது என்று விசாரித்தார்கள். வடிவேலுவின் தொழில் வாழ்க்கையில் இப்படியொரு பெயர் கிடைத்ததில்லை. அவரோ ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். வீடு எங்கே போகிறதென்று இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. சாந்தோம் நெருங்கியபோது சுலோச்சனா பெட்டியைத் திறந்து எந்தப் புடவை கட்டுவதென்று பார்த்துக்கொண்டிருந்தார். வடிவேலு பையிலிருந்து துணியை எடுத்து அந்தப் புடவைகளின் மேல் வைத்தார். என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

சுலோச்சனா துணியை எடுத்து ஜன்னல் கம்பியில் போட்டுவிட்டு, புடவைகளை மடித்துவைத்தார். மூன்றாம் நாள் காலையில் சொன்னார்:

“எங்கம்மா சாவுல ஒரு டம்ளரு தண்ணி குடிக்காம வந்தேன். இந்தத் துணிக்கா?”

வடிவேலு தலையாட்டினார்.

“அவன் கைல நீயே குடு.”

நவம்பர் பதினான்காம் தேதி தூறலில், குப்பத்தில், கருணாகரன் வீட்டுக்கு எதிரே வந்ததும் எஞ்சின் தானாக நின்றது. நரைத்துப்போயிருந்த கருணாகரன் வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். வீடு வந்ததை நிமிர்ந்து பார்த்துவிட்டு அக்காவுக்கு நாற்காலி எடுத்துப்போட்டார். வடிவேலு துணியை நீட்டினார்.

“எஞ்சின் மூக்குல இது இருந்துச்சி மச்சான். நான்தான் வச்சேன்.”

கருணாகரன் துணியைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னிக்கே தெரியலன்னு சொல்லிருந்தா, நானே ஊதிப் பாத்துருப்பேன் மாமா” என்றார். பிறகு வலையின் ஒரு முனையை வடிவேலுவின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னத் தொடங்கினார். வடிவேலு நனைந்துகொண்டே அதைப் பிடித்திருந்தார். சுலோச்சனா உள்ளே போய்த் தம்பி மனைவியிடம் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி முழுக்கக் குடித்தார். அப்புறம் நெத்திலிக் குழம்போடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மறுவாரம் எஞ்சினை இறக்கிக் கருணாகரனின் போட்டில் பூட்டினார்கள். வழியில் கோளாறு வந்தால் பார்க்கவென்று வடிவேலுவும் கூடவே கடலுக்குப் போகிறார். இதுவரை எஞ்சினுக்கு ஒன்றும் வந்ததில்லை. அவருக்குத்தான் வாந்தி வருகிறது. போட் புறப்படும் நாட்களில் வீடும் இடத்தை விட்டுக் கிளம்பி, அலை தொடும் இடத்தில் போய் நிற்கிறது. போட் கரையேறியதும் திரும்பிவிடுகிறது.

போன மாதம் மீட்டர் கணக்கெடுக்க வந்த அன்புக்கரசி, வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மணலும், அதில் நாற்காலி போட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சுலோச்சனாவும் இருக்கக் கண்டார்.

“வூடு போய்கீது. பத்தரைக்கு வந்துரும், குந்து” என்றார் சுலோச்சனா.

அன்புக்கரசி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. உட்கார்ந்து, கீரையில் பாதியைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு ஆயத் தொடங்கினார்.