யார் நம்பருக்கு அனுப்புவது?

சந்தையில் மீன் விற்கும் குவம்போக்காவின் மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். முன்பணம் கட்டாமல் ஆபரேஷன் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கிசுமு மீன் சந்தைப் பெண்கள் சும்மா இருப்பார்களா? உடனே வசூலில் இறங்கினார்கள்.

"யார் நம்பருக்கு அனுப்புறது?" என்றாள் சங்கத் தலைவி ரிஸ்பர்.

"அடோயோ நம்பருக்குத்தான். அடுத்தவங்க காசுல ஒரு ஷில்லிங் தொடமாட்டா" என்றாள் இன்னொருத்தி.

கருவாட்டைக் கூறுகட்டிக்கொண்டிருந்த அடோயோ சட்டென நிமிர்ந்தாள். கேட்டதும் போனில் வந்து விழும் கடன் அவளுக்குக் கழுத்துவரை ஏறியிருந்தது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கென்று தொடங்கியது, பிறகு சரக்குக்கு, பிறகு கடனை அடைக்கவே கடன். யார் அவள் நம்பருக்குப் பணம் அனுப்பினாலும் அந்தக் கடன்தான் முதலில் வாய்வைக்கும்; வந்ததும் போன் கம்பெனியே பிடித்துக்கொள்ளும். அதற்குப் பயந்தே வாடிக்கைக்காரர்களிடம், "போன்ல போடாதீங்க, கையில குடுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

'என் நம்பர் வேண்டாம், அதுல கடன் இருக்கு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பாழாய்ப்போன மானம் விட்டால்தானே!

"என்னடி முழிக்கிற? கமிஷன் கேக்கலாம்னு பாக்குறியா?" என்றாள் ரிஸ்பர். எல்லோரும் சிரித்தார்கள். அடோயோவும் சிரித்துத் தொலைத்தாள்.

"அனுப்புங்க அக்கா."

போன் டிங், டிங் என்றது. ஒவ்வொருத்தியின் காசும் வந்தது, வந்த வேகத்தில் காணாமல் போனது. கிழங்கு விற்பவள் அனுப்பிய ஐம்பது ஷில்லிங்கைக்கூட அது விட்டுவைக்கவில்லை. கடைசியில் இருப்பு பூஜ்யம். கூடவே ஒரு செய்தி: 'கடனை முழுவதும் அடைத்ததற்கு நன்றி. உங்கள் கடன் வரம்பு உயர்த்தப்பட்டுள்ளது.'

குவம்போக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, ஏதாச்சும் சேந்துச்சா? பையன் வலியில துடிக்கிறான்."

"சேந்துருச்சும்மா. இந்தா, அனுப்புறேன்."

உயர்ந்த வரம்பிலிருந்து, வசூலான தொகை அத்தனையையும் மறுபடி கடனாக எடுத்து அனுப்பினாள். ஒரு வாய் வார்த்தைக்கு வெட்கப்பட்டு, அடைந்த கடனை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டாள் பாவி மகள்.

அடுத்த வாரம் குவம்போக்கா சந்தைக்கு வந்து எல்லோர் எதிரிலும் அடோயோவின் கையைப் பிடித்து அழுதாள். "நீ நல்லா இருக்கணும் அக்கா."

அடோயோ கூனிக்குறுகிப் போனாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்லவேணாம்," என்று ரிஸ்பர் அவள் முதுகைத் தட்டினாள். "இனிமே சங்கத்துச் சந்தா பூரா உன் நம்பருக்குத்தான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அதற்குள் யாரோ ஒருத்தி அனுப்பியேவிட்டாள். அடோயோவின் மடியில் போன் டிங் என்றது.